இரண்டாம் கொப்பரை ஏன் பொங்கியது

வியாழக்கிழமை, பிற்பகல் ஒன்றரை.

பாகீரதி டிபன் பாக்ஸைத் திறந்து தயிர்சாதத்தில் கை வைத்ததுதான் தாமதம், கன்ட்ரோல் ரூமில் மணி அலறியது. மானிட்டரில் இரண்டு வரிகள் கண் சிமிட்டின. இரண்டாம் கொப்பரை, பதில் இல்லை. நாலாம் கொப்பரை, பதில் இல்லை.

அவள் கையைக் கழுவிக்கொண்டு ஓடுவதற்குள் இரண்டாம் கொப்பரை பொங்கி வழிந்து, தரையெல்லாம் கொதிக்கும் சோப்புக் குழம்பு. எலக்ட்ரீஷியன் சத்தியதாஸ் நீராவியையும் மின்சாரத்தையும் அடைத்துவிட்டு வாசலில் நின்று எல்லாரையும் தடுத்தான். தரையைக் கழுவி முடிக்கும்வரை கொப்பரைக் கூடத்துக்குள் யாரும் போகக் கூடாது. அதற்கு எப்படியும் இரண்டு மணி நேரம் ஆகும். அதுவரை வெளியே நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

ஒரே வாரத்தில் இது மூன்றாவது முறை. மூன்று முறையும் அவள் சாப்பாடு கெட்டது என்பது தனிக் கதை. திங்கட்கிழமை காலை ஏழரைக்கு இட்லி, புதன்கிழமை நண்பகல் பன்னிரண்டுக்கு எலுமிச்சைச் சாதம், இன்றைக்குத் தயிர்சாதம். வயிறு எரிந்ததில் பாதி பசி, பாதி கோபம்.

பாப்பனங்கோட்டில் இருந்த அந்த சோப்புத் தொழிற்சாலை, ஆரியசாலையில் மொத்த வியாபாரம் செய்து வந்த நயினார் பிள்ளையுடையது. எண்பத்தேழாம் வருஷம் அவர் ஒரே மூச்சில் நான்கு கொப்பரைகளையும் கம்ப்யூட்டரோடு இணைத்துவிட்டார். அதைப் பொருத்திக் கொடுத்த கம்பெனியின் எஞ்சினீயர்தான் கரமனை அக்ரஹாரத்துப் பாகீரதி. விஷயம் எளிது. ஒவ்வொரு கொப்பரைக்கும் ஒரு பேனல் பெட்டி, பெட்டிக்குள் ஒரு தொடர்பு மாட்யூல், மாட்யூலில் கட்டைவிரல் நகத்தால் திருப்புகிற சின்ன டயல். டயலில் இருக்கும் எண்தான் கொப்பரையின் விலாசம். திருப்பிவிட்டுப் பக்கத்துப் பொத்தானை அழுத்தினால் புது விலாசம் ஏறிவிடும். கன்ட்ரோல் ரூமிலிருந்து "ரெண்டாம் நம்பர், நீராவியை மூடு" என்று கட்டளை போனால், அந்த எண் உள்ளது மட்டும் கேட்கும். திறப்பு விழாவில் இதையெல்லாம் அவள் பெருமையாக விளக்கியபோது, நயினார் பிள்ளை வெற்றிலையை மென்றுகொண்டே தலையாட்டினார்.

அன்றுதான் வாசலில் ஒரு பலகையும் மாட்டினார், தமிழிலும் மலையாளத்திலும். 'நேரம் காலம் பார்த்து வேலையை நிறுத்துகிறவர்களுக்கு இங்கே வேலை இல்லை.' பழைய நாட்களில் கொப்பரை மூட்ட நல்ல நேரம் பார்த்தே பாதி ஷிப்ட் போய்விடுமாம். இனி மெஷின் காலம் என்று விழாவுக்கு வந்த பாங்குக்காரர்களிடம் அவர் சொல்லிச் சொல்லி மாய்ந்தார்.

மாலை மூன்றே கால்.

தரை காய்ந்தது. பாகீரதி பெட்டிகளைத் திறந்து பார்த்தாள். முதலில் இரண்டாம் கொப்பரை. டயலில் 2. பிறகு நாலாம் கொப்பரை. அது கூடத்தின் பின்கோடியில், குடோன் கதவை ஒட்டி இருந்தது. டயலில் 4. ஒரு தப்பும் இல்லை. திங்களும் புதனும் இதே கதைதான். வயரை மாற்றியாயிற்று, மாட்யூலை மாற்றியாயிற்று, ப்ரோகிராமை இரண்டு தடவை எழுதியாயிற்று. இனி தலையை முட்டிக்கொள்ளச் சுவர் ஒன்றுதான் பாக்கி.

ஒன்று மட்டும் கண்ணில் பட்டது. நாலாம் பெட்டியின் டயல் ஓரத்தில் வெள்ளையாக ஒரு தீற்றல். சோப்பாக இருக்கும் என்று ஈர விரலால் தேய்த்தாள். நுரைக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு நகர்ந்தாள்.

பெட்டிகளுக்கு இரண்டே சாவிக்கொத்து. ஒன்று சத்தியதாஸிடம், மற்றது முதலாளியின் இடுப்பில். சத்தியதாஸ் யூனியன்காரன், கம்ப்யூட்டர் வந்தால் ஆள்குறைப்பு வரும் என்று கொடி பிடித்தவன், இரண்டாம் கொப்பரையின் பொறுப்பும் அவனுடையது. நயினார் பிள்ளைக்கு அதற்கு மேல் சாட்சி வேண்டியிருக்கவில்லை.

"மூணு வேவு, மூணு கொப்பரை நிறைய சோப்பு போச்சு," என்று அவர் கொதித்தார். "ரெண்டாவது கொப்பரைய கொல்லுதான் இவன். ரெண்டுல என்ன செஞ்சான்னு நீங்க கண்டுபிடிச்சுச் சொல்லணும், எஞ்சினீயரம்மா. இல்லாட்டியும் நாளைக்கு இவன் சீட்டு கிழிஞ்சுரும்."

பாகீரதி சத்தியதாஸைத் தனியே கூப்பிட்டுக் கேட்டாள். பெட்டியைத் திறந்தானா? இல்லை. சாவியை யாருக்காவது கொடுத்தானா? இல்லை. மணி அடித்தபோது எங்கே இருந்தான்? பாய்லர் பக்கத்தில், இரண்டு பேர் பார்த்திருக்கிறார்கள்.

"மேடம், கொடி பிடிச்சது சத்தியம்," என்றான். "பக்ஷே, பொங்குற கொப்பரைக்குப் பக்கத்துல நிக்கிறது என் ஆளுங்களாக்கும். அவங்க மேல குழம்பு விழணும்னு நான் செய்வேனா?"

அவன் பொய் சொல்லவில்லை என்று அவளுக்குத் தோன்றியது. ஆனால் தோன்றினால் போதுமா? மூன்று பிள்ளைக்காரன். நாளைக்கு வேலை போகப் போகிறது.

வெள்ளிக்கிழமை, காலை பத்து இருபத்தைந்து.

இன்னும் ஒரு நாள் தவணை கேட்கலாம் என்று பாகீரதி முதலாளியின் அறைக்குப் போனாள். அவர் இல்லை. டைப்பிஸ்ட் நாகலக்ஷ்மி மட்டும் இருந்தாள். மேஜைமேல் சத்தியதாஸின் வேலைநீக்க உத்தரவு, பக்கத்தில் மூடி திறந்த பேனா. ஆனால் கையெழுத்து இல்லை.

"ஏன் இன்னும் போடலை?"

"டைப் அடிச்சுக் கொடுக்கவே இவ்ளோ நேரமாயிடுத்து. இப்போ கடியாரத்தைப் பார்த்துட்டு, பன்னெண்டு கழிஞ்சு போடறேன்னுட்டார்."

திங்கட்கிழமையிலிருந்து அவனைத் துரத்தத் துடிக்கிற மனிதர், கையெழுத்துப் போடப் பன்னிரண்டு வரை எதற்குக் காத்திருக்கிறார்? பாகீரதி திரும்பி நடந்தாள். பாதி வழியில் நின்றாள். வெள்ளி, பத்தரையிலிருந்து பன்னிரண்டு. திங்கள், ஏழரை. புதன், பன்னிரண்டு. வியாழன், ஒன்றரை. அக்ரஹாரத்தில் பிறந்து வளர்ந்தவளுக்கு இதற்குப் பஞ்சாங்கத்தைப் புரட்ட வேண்டியதில்லை. நாலு நாளாக வயரைக் கடித்துக்கொண்டிருந்த தன் புத்தியை அவள் மனதாரத் திட்டினாள்.

பத்தரை.

எல்லாரையும் கன்ட்ரோல் ரூமுக்கு வரவழைத்தாள். நயினார் பிள்ளை, சத்தியதாஸ், நாகலக்ஷ்மி. பத்தே முக்காலுக்கு நாலாம் கொப்பரை தானாக அடுத்த வேவைத் தொடங்கும். இன்றைக்கு மணி அடிக்குமா என்று எல்லாரும் சேர்ந்தே பார்த்துவிடலாம் என்றாள்.

நயினார் பிள்ளை இரண்டு நிமிஷம் உட்கார்ந்தார். பிறகு எழுந்தார். "ஒரு நட கூடத்துக்குப் போய்ட்டு வாறேன்."

"எதுக்கு?"

"சும்மாதான்."

பாகீரதி நாற்காலியை வாசலை மறித்துப் போட்டு உட்கார்ந்தாள். அவர் வெற்றிலையை எடுத்தார், சுண்ணாம்பைத் தடவினார், மடிக்காமல் கீழே வைத்தார். கடிகாரத்தைப் பார்த்தார்.

"அம்மா, அந்த நால மட்டும் கொஞ்சம் நிறுத்துங்க. பன்னண்டு கழியட்டு."



"ராகு காலம் கழியணும், இல்லையா?" என்றாள் பாகீரதி. "திங்கள்லேர்ந்து அதைத்தானே பண்ணிண்டிருக்கேள். நாலாவது அன்னைக்கு ஆரம்பிக்கற நேரம் ராகு காலத்துல விழுந்தா, குடோன் வழியா போய் டயலைத் திருப்பிடறேள். எத்தனை சொடுக்கு?"

அவர் மறைக்கவில்லை. "ரெண்டு, பின்னால. பொடி எழுத்து என் கண்ணுக்குத் தெரியாது. நேரம் கழிஞ்சதும் ரெண்டு முன்னால திருப்பி வச்சிருவேன். அது இந்த வாரம் மக பேர்ல புதுசா போடுற சந்தன சோப்பும்மா. மத்ததெல்லாம் துணி சோப்பு, எப்ப வெந்தா என்ன. நால தூங்க வச்சேன், அவ்வளவுதான். ரெண்ட நான் தொடவே இல்ல."

"தொட வேண்டியதே இல்லை. நாலுலேர்ந்து ரெண்டு பின்னால போனா என்ன நம்பர்?"

அவர் விரலை மடக்கி எண்ணினார். நாலு, மூணு, ரெண்டு.

ஒரே விலாசத்தில் இரண்டு கொப்பரைகள் என்று பாகீரதி விளக்கினாள். கன்ட்ரோல் ரூம் "ரெண்டு" என்று கூப்பிட்டால் இரண்டும் ஒரே நேரத்தில் கத்தும், ஒன்றும் விளங்காது. "நாலு" என்று கூப்பிட்டால் ஆளே இல்லை. நாலு சும்மா கிடந்ததால் பிழைத்தது. பாதி வெந்துகொண்டிருந்த இரண்டுக்கு, நீராவியை மூடு என்ற கட்டளை போய்ச் சேரவில்லை. பொங்கிவிட்டது. தரையைக் கழுவி அவளை உள்ளே விடுவதற்குள் ராகு காலமும் முடிந்திருக்கும், டயலும் பழைய இடத்துக்குத் திரும்பியிருக்கும்.

"டயல்ல இருந்தது சோப்பில்லை, நுரைக்கலை. உங்க விரல் சுண்ணாம்பு. அது கிடக்கட்டும், நேத்தே நான் பிடிச்சிருக்கணும். திரையில ரெண்டு கொப்பரை செத்துது. எல்லாரும் ரெண்டையும் பத்திக் கேட்டா. நீங்க மட்டும் ரெண்டாவதைப் பத்தியே பேசினேள். நாலாவது ஏன் நின்னுதுன்னு ஒரு தடவைகூடக் கேக்கலை. ஏன்னா, அது உங்களுக்குத் தெரியும்."

நயினார் பிள்ளை மெல்ல உட்கார்ந்தார். மூன்று வேவைத் தானே கொன்றதைவிட, யார்மேல் பழி போட்டோம் என்பதுதான் அவர் முகத்தில் அடித்தது. சத்தியதாஸைப் பார்க்க அவரால் முடியவில்லை.

சத்தியதாஸ் வெளியே போனான். திரும்பி வரும்போது அவன் கக்கத்தில் வாசல் பலகை. அதை மேஜைமேல், உத்தரவுக்குப் பக்கத்தில் வைத்தான்.

"சாரே, நேரம் பாத்து வேலைய நிறுத்துனது ஆரு? இதுல எழுதியிருக்கபடி இப்ப ஆர வேலைய விட்டுப் பிரிச்சு விடணும்?"

நாகலக்ஷ்மி தலையைக் குனிந்துகொண்டாள்.

நயினார் பிள்ளை உத்தரவை நாலாகக் கிழித்தார். பிறகு இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை அவிழ்த்தார்.

"ரெண்டு சாவியும் உன்கிட்டயே இருக்கட்டு. எனக்கு வேண்டாம்." "நான் சொன்னது தப்பு, தாஸு," என்றார்.

சத்தியதாஸ் சாவியை வாங்கிக்கொண்டான். அவன் கண் திரைக்குப் போனது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மணி பத்து ஐம்பது. யாரையும் கேட்காமல் நாலாம் கொப்பரை ஐந்து நிமிஷமாக வெந்துகொண்டிருந்தது. இரண்டாம் கொப்பரையும் ஒழுங்காகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. நயினார் பிள்ளை கையைக் கூப்பிக்கொண்டார், நிறுத்தச் சொல்லவில்லை.

பாகீரதி நாற்காலியை வாசலிலிருந்து இழுத்துப் போட்டுவிட்டு டிபன் பாக்ஸைத் திறந்தாள். இந்த வாரத்தில் முதல் முறையாக முழுசாகச் சாப்பிட்டாள்.