காலி வீட்டின் ஊளை

மஜீது மாமா சன்னலோரப் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி பஷீரா ஆண்ட்டி சோபாவில், இரண்டு கால்களையும் மேலே மடக்கி வைத்திருந்தார். தரையில் கால் வைக்கப் பயம். தேவிஸ்ரீ காற்றாடிக்குக் கீழே, பாயில். சுவரோரம் ஒரு நாற்காலி காலியாகக் கிடந்தது. அதன் பக்கம் யாரும் திரும்பவில்லை.

அந்தச் சுவருக்கு அப்பால் ஆளில்லாத வீடு. அதற்கும் அடுத்தது தேவிஸ்ரீயின் வீடு.

அவளுடைய அம்மா வீட்டிலேயே தோசை மாவு அரைத்து நியாலாஸ் ஊர் முழுக்க விற்கிறார். லைசன்ஸ் கிடைக்க, அக்கம்பக்கத்தார் சம்மதக் கையெழுத்துப் போட வேண்டும் என்று நகராண்மைக் கழகம் சொல்லிவிட்டது. காலி வீட்டுக்காரர் ஜொகூரிலிருந்து போட்டு அனுப்பிவிட்டார். மிச்சம் பஷீரா ஆண்ட்டிதான். இந்த வாரம் விண்ணப்பப் பாரம் போய்ச் சேராவிட்டால் வியாபாரத்தை மூட வேண்டும்.

"நான் போட மாட்டேன்மா," என்றார் ஆண்ட்டி. "உங்கம்மா வியாபாரம் ஆரம்பிச்சதிலேர்ந்துதான் அந்த வீட்ல அது அழுவுது. அதுக்குப் பிடிக்கல லா. நான் கையெழுத்துப் போட்டா நேரா இங்க வந்திடும்."

"வந்தா தோசை சுட்டுக் கொடு," என்றார் மாமா.

"நீங்க சும்மா இருங்க!"

அம்மா அந்த வீட்டு கேட்டில் சாம்பிராணி போட்டுப் பார்த்தார். மாமா குர்ஆனிலிருந்து யாசின் ஓதிப் பார்த்தார். அழுகை நிற்கவில்லை.

வெளியே இருட்டத் தொடங்கியது. அப்போது கேட்டது.

ஊ... ஊம்ம்ம்...

வாயைப் பொத்திக்கொண்டு யாரோ அழுவதுபோல. சட்டென்று நின்றது. மறுபடி தொடங்கியது. மறுபடி நின்றது.

மாவை வழித்துவிட அம்மாவும் இப்படித்தானே நிறுத்தி நிறுத்தி அரைப்பார்?

"ஆண்ட்டி, உங்க போன் கொஞ்சம் தாங்க."

"பேய்க்கா அடிக்கப் போற?" என்றார் மாமா.

"அம்மாவுக்கு!" தேவிஸ்ரீ எண்களை அழுத்தினாள். "அம்மா, கிரைண்டரை அமத்துங்க."

ஊளை நின்றது.

"இப்பப் போடுங்க."

ஊம்ம்ம்...

ஆண்ட்டியின் ஒரு கால் மெல்லத் தரைக்கு இறங்கியது.

"என்னடி விளையாட்டு? மாவு பாதியில நிக்குது!" என்று போனில் கத்தினார் அம்மா.

"எங்க கிரைண்டர் சுவத்தோட ஒட்டி நிக்குது, ஆண்ட்டி. அந்த வீட்டு சன்னல் கண்ணாடியெல்லாம் லூசு. பந்து எடுக்கப் போனப்போ பார்த்தேன். சுவர் அதிர்ந்தா அதுங்க முனகுது."

தேவிஸ்ரீ வீட்டுக்கு ஓடினாள். அம்மாவும் அவளும் கிரைண்டரைச் சுவரிலிருந்து நகர்த்தி, அடியில் பழைய ரப்பர் செருப்புகளைக் கொடுத்தார்கள். அம்மா மறுபடி அரைக்க, அவள் திரும்பி வந்தாள்.

மூவரும் காத்திருந்தார்கள். பல்லிகூடச் சத்தம் போடவில்லை.

"பாவம், எத்தனை நாள் தூங்காம இருந்தீங்க," என்றாள் தேவிஸ்ரீ. "இனிமே விளக்கு வைக்கிறதுக்குள்ள அரைச்சு முடிக்கச் சொல்றேன்."

ஆண்ட்டி பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். அப்பாடா! தேவிஸ்ரீ பாரத்தை மடித்து உறைக்குள் வைத்தாள்.

போன் அடித்தது. அம்மா. "அரைச்சு முடிச்சிட்டேன். சுவிட்சை அமத்தியாச்சு."

டக்.

காலி வீட்டுக்குள்ளிருந்துதான்.

ஆண்ட்டியின் கால்கள் சோபாவுக்கு ஏறின. "காத்து... காத்துதான்," என்றாள் தேவிஸ்ரீ.

"ஒட்டு! அது மனசு மாறுறதுக்குள்ள ஒட்டு!" என்று கத்தினார் ஆண்ட்டி.

தேவிஸ்ரீ உறையை அழுத்தி ஒட்டினாள். அதைப் பறித்துக்கொண்டு, செருப்பைக்கூட மாட்டாமல், தபால் பெட்டியை நோக்கி மோட்டார் சைக்கிளை விரட்டினார் மஜீது மாமா.