நெஞ்சில் குடியிருந்தது

தையல்காரி வெறும் வயிற்றோடு ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தாள். துணைக்கு அக்கா. சும்மா உட்கார்ந்து ஊசியில் நூல் கோக்கும்போதுகூட நெஞ்சு திடீரென்று தறிகெட்டு ஓடும். கண் இருட்டிக்கொண்டு வரும். எந்த மாத்திரைக்கும் கேட்கவில்லை.

"தொடை வழியா மெல்லிசா ஒரு குழாயை இதயத்துக்குள்ள விடுவோம்," என்றார் டாக்டர். "தப்பான துடிப்பு கிளம்புற இடத்தைக் கண்டுபிடிச்சுச் சுட்டுட்டா சரியாயிடும். அபிலேஷன்னு பேரு."

"சுடுறதுக்கு எதுக்கு மெஷின்? என் வாய் போதாதா?" என்றாள் அக்கா.

தங்கைக்குச் சிரிப்பு வரவில்லை.

உள்ளே அறை சில்லிட்டிருந்தது. மருந்து நெடி. திரைகளின் நீல வெளிச்சம். அரைத்தூக்கத்தில் டாக்டரின் குரல் எங்கிருந்தோ வந்தது.

"இப்ப நாங்களே படபடப்பை வரவழைக்கப் போறோம். பயப்படாதீங்க."

நெஞ்சு பாய்ந்தது. அந்தத் தடதடப்புக்கு நடுவே, விலா எலும்புகளுக்குள்ளிருந்து ஒரு குரல்.

"சுட வேண்டாம்னு சொல்லு."

அவள் நர்ஸின் விரலைப் பற்றினாள். "யாரோ பேசுறாங்க."

"மயக்க மருந்தும்மா அது. ஆடாம இருங்க."

"கிடைச்சிருச்சு," என்றார் டாக்டர்.

நெஞ்சுக்குள் சூடு பரவியது. உள்ளே யாரோ விம்மி அழுதார்கள்.

"நான் எங்க போவேன்?"

தாங்க முடியாமல் மனதுக்குள் சொன்னாள்: எங்கயாவது போ.

அழுகை நின்றது.

துடிப்பும் சீரானது.

வார்டில் காலை மடக்காமல் மல்லாந்து கிடந்தாள். நெஞ்சு இத்தனை அமைதியாக இருந்து அவள் அறிந்ததில்லை. அந்த அமைதிதான் அவளைப் படுத்தியது. கண்கள் கதவுக்கும் ஜன்னலுக்கும் அலைந்தன. போனது எங்கே போயிருக்கும்?

அக்கா கட்டிலோரம் உட்கார்ந்திருந்தாள். ஒரு கையால் நெஞ்சை நீவிக்கொண்டிருந்தாள். நெற்றியெல்லாம் வியர்வை.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்லடி. உன்னை வெளிய தள்ளிட்டு வந்தப்போ கையைப் பிடிச்சேன்ல, அப்பலேர்ந்து நெஞ்சு படபடன்னு அடிக்குது." குரலைத் தாழ்த்தினாள். "சிரிக்காத. 'இங்க இருக்கட்டுமா'ன்னு யாரோ கேட்ட மாதிரி இருந்துச்சு."

"நீ என்ன சொன்ன?"

"நீதான் கேக்குறேன்னு நெனச்சு, இருடின்னேன்."

தங்கை கையை அக்காவின் முதுகில் வைத்தாள்.

உள்ளே அதே ஓட்டம்.

உள்ளங்கை பட்டதும் அது சட்டென்று நின்றது, தொட்டது யாரென்று தெரிந்துகொண்டதைப் போல. அக்காவின் மூச்சும் கூடவே நின்றது.

பிறகு, மெல்ல, மறுபடி ஓடத் தொடங்கியது.