மூடுபனி முனையின் கடைசிக் கதவு

வெர்னா ஹால்வர்சன் மதியச் சூப்பை முடிக்கும் முன்பே லோர்னா பெர்க்ஸ்ட்ராம் கதவைத் தட்டாமல் உள்ளே வந்தாள். கோட்டுப் பொத்தான்கள் துளை மாறி மாட்டியிருந்தன.

"வெர்னா, நீங்க ஒரு ஆளைப் பிடிச்சுக் குடுக்கணும். நாளைக் காலைக்குள்ள."

"உட்காரு. யாருன்னு தெரியலையா, இல்ல தெரிஞ்சும் பிடிக்க முடியலையா?"

"ஆர்லன்தான். எனக்கு நல்லாத் தெரியும். ஆனா அவன் இல்லங்கறான்."

"அப்படின்னா உனக்குத் தெரியாது. நீ நினைக்கிற, அவ்வளவுதான்," என்றபடி வெர்னா கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள். தீ விபத்துக் காப்பீட்டில் யார் வீட்டை யார் கொளுத்தினார்கள் என்று முப்பது வருடம் விசாரித்து ஓய்வு பெற்றவள் அவள். அவள் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை.

மேசையின் மறுபுறம் ராய்ஸ் மாக்கி நிமிர்ந்து உட்கார்ந்தான். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவன். காலை நடைக்கும் மாலை நடைக்கும் இடையில் வெர்னாவின் சமையலறைதான் அவனுக்குக் கதி. டுலூத் நகரில் ஏதாவது குற்றம் நடக்காதா என்று ஏங்குகிறவன்.

லோர்னா சொன்னாள். 1984இல் யூனிஸ் டாஃப்டி என்ற பெண் 'மூடுபனி முனை' என்றொரு கணினி விளையாட்டு எழுதினார். படமே கிடையாது, எல்லாம் எழுத்து. ஒரு கலங்கரை விளக்கத்துக்குள் மாட்டிக்கொண்டவன், 'வடக்கே போ', 'விளக்கை எடு' என்று தட்டச்சு செய்தே வெளியே வர வேண்டும். அந்தக் காலத்து இயந்திரங்கள் செத்ததும் விளையாட்டும் செத்தது. லோர்னாவும் நண்பர்களும் யூனிஸின் அனுமதியோடு, இன்றைய கணினிகளில் அதை ஓட்டும் 'எஞ்சின்' என்ற நிரலை ஒன்பது வருடமாகச் சனிக்கிழமைதோறும் நூலகத்தின் கீழ்த்தளத்தில் எழுதி வந்தார்கள். யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுக்கலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம். நாளை வெளியீடு. எண்பத்து மூன்று வயதாகும் யூனிஸே வந்து முதல் ஆட்டம் ஆடப் போகிறார்.

"இன்னைக்குக் காலையில கடைசியா ஒரு தடவை முழுசா ஆடிப் பார்த்தேன். கடைசிக் கதவு திறக்கல. மெழுகுவர்த்திய ஜன்னல்ல வச்சா திறக்கணும். வச்சேன். அசையல. அதோட, அந்த அறையில 'ஜன்னலோரம் ஒரு பித்தளைத் தாங்கி இருக்கிறது'ன்னு ஒரு வரி. என் கேம்ல அப்படி ஒரு வரியே கிடையாது!"

"யார் மாத்தினதுன்னு பதிவாகியிருக்குமே?" என்று கேட்டான் ராய்ஸ்.

"ஆர்லன் பேரு. நேத்து, வியாழக்கிழமை சாயங்காலம். வெளியீட்டைத் தள்ளிப் போடணும்னு ரெண்டு வாரமா என்கூடச் சண்டை போட்டவன் அவன்தான். கேட்டா, 'ஒன்பது வருஷம் கூட இருந்தவனப் பார்த்துக் கேக்கிற கேள்வியா இது?'ன்னு கீழ்த்தளச் சாவிய மேஜையில விட்டெறிஞ்சிட்டுப் போயிட்டான்."

"மாத்தினதை எடுத்துட முடியாதா?"

"ரெண்டு நிமிஷ வேலை. ஆனா இது ஒண்ணுதானா, இன்னும் என்னென்ன பண்ணி வச்சிருக்கான்னு எப்படித் தெரியும்? நாளைக்கு ரத்துன்னு யூனிஸ்கிட்டச் சொல்லச் சொல்லி ஹாலிஸ்கிட்ட சொல்லப் போறேன். அவர்தான் யூனிஸ்கூட வாராவாரம் போன்ல பேசுறவர். கூட்டிட்டு வரப் போறதும் அவர்தான்."

"சாயங்காலம் வரைக்கும் யார்கிட்டயும் சொல்லாத," என்று வெர்னா கோட்டை எடுத்தாள்.

ஆர்லன் ஸ்டூவ் ஏரிக்கரையில் தன் வண்டிக்குள் உட்கார்ந்து வறுத்த மீன் தின்றுகொண்டிருந்தான். மே மாதத்திலும் கண்ணாடியை இறக்க விடாத காற்று. ராய்ஸைப் பார்த்ததும், "வந்துட்டாருய்யா துப்பறியும் டிரைவர்," என்றான்.

"நேத்து சாயங்காலம் எங்க இருந்த?" என்றாள் வெர்னா.

"பீட்சா வாங்கப் போனேன். கம்ப்யூட்டரைத் திறந்தபடியே வச்சிட்டுப் போனது தப்புதான். லோர்னா மாடியில நாற்காலி எடுத்துட்டிருந்தா. ஹாலிஸ் கீழ மேப் ஒட்டிட்டிருந்தார். திரும்பி வந்தப்ப மவுஸ் வலது பக்கம் இருந்துச்சு. நான் இடது கைக்காரன். லோர்னாகிட்டச் சொன்னேன், நம்பல."

"அப்ப இவன் இல்ல!" என்று ராய்ஸ் துள்ளினான்.

"மவுஸ் இருந்த இடத்துக்கு இவன் மட்டும்தானே சாட்சி," என்றாள் வெர்னா. "ஆர்லன், ஒண்ணே ஒண்ணு சொல்லு. அந்தப் பழைய விளையாட்டு வார்த்தைகளை எப்படிப் புரிஞ்சுக்கும்?"

அவன் முகம் சற்றே மலர்ந்தது. "பழைய மெஷின்ல இடம் கிடையாது. ஒவ்வொரு வார்த்தையிலயும் முதல் ஆறு இங்கிலீஷ் எழுத்தைத்தான் பார்க்கும். மிச்சத்தை வெட்டிடும். நம்ம எஞ்சினும் அப்படித்தான். நானே எழுதினேன்."

நூலகத்தின் கீழ்த்தளத்தில் ஹாலிஸ் ரன்டா ஏணியில் நின்று, கலங்கரை விளக்கத்தின் வரைபடம் ஒன்றை ஒட்டிக்கொண்டிருந்தார். இரும்புத்தாது ஏற்றும் கப்பல்களில் சமையற்காரராக இருந்தவர். மூன்று வருடத்துக்கு முன்பு குழுவில் சேர்ந்து, விளையாட்டின் ஒவ்வொரு அறைக்கும் அழகாக வரைபடம் போட்டவர். லோர்னா அங்கே காத்திருந்து, மாறியிருந்த வரிகளைக் காட்டினாள். வெர்னா ஹாலிஸிடம் எதுவும் கேட்கவில்லை. கணினி முன் உட்கார்ந்து, ஒரு விரலால் தட்டித் தட்டி, கடைசி அறை வரை ஆடினாள். ராய்ஸ் பின்னால் நின்று நகத்தைக் கடித்தான்.

பித்தளைத் தாங்கியை எடுக்கச் சொல்லி மெழுகுவர்த்தித் தாங்கிக்கான 'கேண்டில்ஸ்டிக்' என்ற சொல்லை ஆங்கிலத்தில் முழுதாக அடித்தாள். 'மெழுகுவர்த்தி உன் கையில்தான் இருக்கிறது' என்றது திரை.

"லோர்னா, நீ சின்ன வயசுல இதை எப்படி அடிப்ப?" என்றாள்.

"முழுசா எதுக்கு? பாதி வார்த்தை போதும். தம்பிக்கு முன்னாடி முடிக்கணும்ல."

"அதான். ராய்ஸ், ஆர்லனைக் கூப்பிடு. வரமாட்டேன்னா, மீனோட வரச் சொல்லு."

ஆர்லன் வந்து வாசலோரமாகவே நின்றான். லோர்னா அவனைப் பார்க்கவில்லை. ஹாலிஸ் ஏணியிலிருந்து இறங்கினார்.

"இங்க நடந்தது நாசவேலையே இல்ல," என்று தொடங்கினாள் வெர்னா. "கதவைக் கெடுக்கணும்னு வந்தவன் கதவோட நிறுத்தியிருப்பான். புதுசா ஒரு பித்தளைத் தாங்கிய எதுக்கு வைக்கணும்? அதுவும் ஜன்னலோரமா, பார்க்கிற மாதிரி? மாத்தின வரிகளை லோர்னா காட்டினா. மெழுகுவர்த்தியத் தாங்கியில வச்சு ஜன்னல்ல வச்சா கதவு திறக்கணும்னு எழுதியிருக்கு. அழகாத்தான் இருக்கு. ஆனா அந்தத் தாங்கிய யாராலயும் எடுக்க முடியாது."

"ஏன்?" என்றார் ஹாலிஸ், அவரை அறியாமல்.

"மெழுகுவர்த்திக்கு இங்கிலீஷ்ல 'கேண்டில்', ஆறு எழுத்து. கேண்டில்ஸ்டிக்கோட முதல் ஆறும் அதே ஆறுதான். இந்த எஞ்சின் ரெண்டையும் ஒண்ணாத்தான் பார்க்கும். இதை எழுதினவருக்கு அது தெரியல. ஆறு எழுத்து விதிய எழுதினதே ஆர்லன். அவன் இந்தத் தப்பைப் பண்ண மாட்டான். லோர்னா சின்ன வயசுலயே பாதி வார்த்தை அடிச்சு ஆடினவ. அவளும் இல்ல. அன்னைக்கு இங்க இருந்தவங்கள்ல மிச்சமானவர் பழைய மெஷினத் தொட்டதே இல்ல."

"ஆனா அவருக்கு புரோகிராம் எழுதத் தெரியாதே!" என்றான் ராய்ஸ்.

"அறைகளும் பொருள்களும் சாதாரண வாக்கியமாத்தான் எழுதியிருக்கு. யார் வேணும்னாலும் திருத்தணும்னு ஆர்லன் ஆசைப்பட்டு அப்படி வச்சான். இல்லையா ஹாலிஸ்?"

ஹாலிஸ் கையிலிருந்த ஒட்டுத்தாளைச் சுருட்டிக்கொண்டே நின்றார்.

"யூனிஸ் போன்ல சொன்னாங்க," என்றார் கடைசியில். "அந்த ஜன்னல்ல ஒரு பித்தளைத் தாங்கி வைக்க அவங்களுக்கு ரொம்ப ஆசையாம். அப்ப மெஷின்ல இடம் பத்தலையாம். 'பாவம், நாப்பது வருஷமா அந்த மெழுகுவர்த்திய வெறும் பலகையில ஒட்ட வச்சிருக்கேன்'ன்னு சிரிச்சாங்க. நாளைக்கு வந்து பார்த்தா சந்தோஷப்படுவாங்களேன்னு…"

"என்கிட்டச் சொல்லியிருக்கலாமே!" என்றாள் லோர்னா.

"உன்கிட்டயா? ஒரு கமா சேர்க்கக் கேட்டதுக்கே ஒரு மாசம் பேசாம இருந்தியேம்மா."

ஆர்லன் வாய்விட்டுச் சிரித்துவிட்டான்.

"சிரிக்காத," என்றார் ஹாலிஸ். "உன் பேர்ல பதிவாகும்னு எனக்குத் தெரியாது. காலையில நீங்க ரெண்டு பேரும் கத்தினப்ப சொல்லியிருக்கணும். பயந்துட்டேன். வேற எந்த இடத்திலயும் கை வைக்கல, சத்தியமா. மன்னிச்சிரு ஆர்லன்."

"மீன் ஆறிப்போச்சு. அதுக்கு மட்டும் மன்னிக்க மாட்டேன்," என்றான் ஆர்லன்.

லோர்னா மேசையிலிருந்த சாவியை எடுத்து அவன் கோட்டுப் பையில் தானே போட்டாள். "நான் உன்னை அப்படிக் கேட்டிருக்கக் கூடாது," என்றாள்.

"சரி, விடு. இனிமே கம்ப்யூட்டரைப் பூட்டிட்டுப் போறேன்."

அன்று பிற்பகலே ஆர்லன் கதவைப் பழையபடி ஆக்கினான். தாங்கியை அடியோடு தூக்கிப்போட மட்டும் அவனுக்கு மனமில்லை. "எல்லாருக்கும் பொதுன்னு சொல்லிட்டு இவருக்கு இல்லன்னா எப்படி?" என்று ஹாலிஸுக்கு விளையாட்டைத் தனியாக ஒரு நகல் எடுத்துக் கொடுத்து, அதில் தாங்கிக்கு எஞ்சின் குழம்பாத வேறு பெயர் வைக்கவும் கற்றுக் கொடுத்தான். ராய்ஸ் பேருந்தை எடுக்க ஓடினான். வழக்கு முடிவதைப் பார்த்துவிட்ட நிறைவில், அன்று ஒரு நிறுத்தத்தைத் தவறவிட்டுத் திரும்பி வந்தான் என்று பிள்ளைகள் பிறகு சொன்னார்கள்.

சனிக்கிழமை காலை யூனிஸ் டாஃப்டி ஹாலிஸின் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார். கீழ்த்தளம் நிறையக் கூட்டம். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று அடித்தார். முதல் அறை தாண்டினார். இரண்டாவது அறையில் நின்றார். 'உன்னால் அது முடியாது' என்றது திரை. வேறொன்று அடித்தார். அதற்கும் முடியாது என்றது.

"இந்த இழவை எழுதினது எந்த மடையன்?" என்றார் யூனிஸ்.

அறை அதிரச் சிரித்தது. வெர்னாகூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ராய்ஸ் பொறுக்க முடியாமல் குனிந்து, "மேடம், அந்தக் கம்பளத்தை—" என்று ஆரம்பித்தான்.

"தம்பி, வாயை மூடிட்டுப் போய் எனக்கு ஒரு காபி கொண்டு வா," என்றார் யூனிஸ், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "நானே கண்டுபிடிக்கிறேன்."

நூலகம் மூடும்வரை அவர் எழுந்திருக்கவில்லை.