நாகப்பன் ஐடி

காலை ஏழே முக்காலுக்குக் கம்பெனி பஸ் கங்காவை ஒரகடம் தொழிற்சாலை வாசலில் இறக்கிவிட்டது. மழை தூறிக்கொண்டிருந்தது. கணினிப் பாதுகாப்பு அவள் பொறுப்பு. எந்த மென்பொருளில் புதிதாக என்ன ஓட்டை கண்டிருக்கிறார்கள் என்ற செய்திகளைப் படித்த பிறகுதான் டீ குடிப்பாள்.

அன்றைய எச்சரிக்கை, அவர்கள் இரும்புத் தகடுகளை அழுத்தி வடிவமைக்கும் பிரஸ் இயந்திரங்களைப் பற்றியது.

பிரஸ்ஸின் முன்னால் கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கதிர்கள் திரைபோல நிற்கும். கை குறுக்கே போனால், மேலிருந்து இறங்கும் எடை அந்த நொடியே நின்றுவிடும். பழைய லாகின் ஐடி ஒன்று அழிக்கப்படாமல் இருந்தால் போதும்; இந்த ஓட்டை வழியாக எவனோ ஒருவன் எங்கிருந்தோ அந்தத் திரையை அணைத்துவிடலாம்.

கங்கா பதிவுகளைப் பார்த்தாள். நான்காம் பிரஸ்ஸில் மூன்று ஷிப்ட்டிலும் ஒரே ஐடி.

"யாருங்க நாகப்பன்?"

சூப்பர்வைசர் வேல்ராஜ் சிரித்தார். "அவன் செத்துப் பூட்டான் மேடம். ரெண்டு வருசம் ஆவுது, இதே பிரஸ்லதான். மிஷின் மக்கர் பண்ணா அவன் ஐடிலதான் ரீசெட் ஆவும். அத்தயே எல்லாரும் போட்டுகினு கீறோம். புதுசு கேட்டா நீங்க ஆறு மாசம் இழுப்பீங்களே!"

அந்த ஐடியை அவள் அழித்தாள். நான்காம் பிரஸ்ஸில் வேலை செய்யும் நிலாவுக்குத் தனி ஐடி கொடுத்தாள். வெளி இணைப்புக் கேபிளையும் பிடுங்கினாள். இனி உள்ளே வர வழியில்லை.

பத்து நிமிடத்தில் அவளுடைய லேப்டாப்பில் ஒரு வரி வந்தது.

நாகப்பன். நுழைவு.

அடுத்த வரி: ஒளித்திரை அணைக்கப்பட்டது.

லேப்டாப்பும் கையுமாக ஓடினாள். தகட்டைச் சரிசெய்ய நிலா இரண்டு கைகளையும் உள்ளே விட்டிருந்தாள். தோளைப் பிடித்து இழுத்தாள் கங்கா. எடை வெறும் தகட்டின் மேல் இறங்கி, மேலே ஏறியது.

"நான் பட்டனே அமுக்கல மேடம்..." நிலா இரண்டு கைகளையும் மார்போடு அணைத்துக்கொண்டாள்.

கங்கா சிவப்புப் பொத்தானை அடித்தாள். அது மென்பொருளிடம் அனுமதி கேட்பதில்லை. நேராக மின்சாரத்தை வெட்டும். மின்சாரம் போனதும் ஸ்பிரிங் பிரேக் எடையைக் கவ்விக்கொள்ளும். மெயின் சுவிட்சையும் அணைத்துப் பூட்டினாள். பெரிய சக்கரத்தின் உறுமல் மெல்ல மெல்ல அடங்கியது.

எண்ணெய் கருகிய வாடை.

"யாரும் கிட்ட போகாதீங்க," என்றாள் மெதுவாக.

"பத்து மணிக்கு லோடு போவணும். கரண்டே இல்ல, சக்கரமும் நின்னுபோச்சி. இன்னா மேடம், செத்தவன் வந்து அமுக்குவானா?"

சொல்லிக்கொண்டே, சிக்கிய தகட்டை எடுக்க வேல்ராஜ் தோள்வரை உள்ளே குனிந்தார்.

லேப்டாப் ஒளிர்ந்தது.

நாகப்பன். நுழைவு.

"வேல்ராஜ், வெளிய வாங்க!"

ஒரே ஒரு சத்தம்.

ஆம்புலன்ஸ் ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டுவதற்குள் வேல்ராஜின் உயிர் போய்விட்டது. டிரைவர் போனில் சொன்னதைக் கேட்டபடியே கங்கா திரையைப் பார்த்தாள். நாகப்பன் வெளியேறியிருந்தார்.

அதன் கீழே புதிதாக ஒரு வரி.

வேல்ராஜ். நுழைவு.