பாவு அறுத்த வெள்ளெலிகள்

தென்காசியில் அந்தப் பழைய வீட்டுக்கு மசூது குடிவந்தபோது, குற்றாலத்துச் சாரல் தெருவரைக்கும் வந்து நனைத்துக்கொண்டிருந்தது. ஐம்பத்தெட்டாம் வருஷம், ஆனி மாதம். உள்ளே ஈரச் சுண்ணாம்பு வாசனை. கூடத்தின் நடுவில், நெய்கிறவன் காலை இறக்கி உட்காரும் தறிக்குழி தயாராகவே இருந்தது. நெசவுக்காரனுக்கு வேறென்ன வேண்டும்? அவன், மனைவி ஹைருன் பீவி, ஏழு வயது மகள் அலிமா, அவளுடைய இரண்டு வெள்ளெலிகள். ஆக ஐந்து பேர் என்று வீட்டுக்காரரிடம் சொல்லிச் சிரித்தான்.

குற்றாலத்துச் சீசன் கடையில் வாங்கிய எலிகள். மசூதின் தட்டிலேயே சோறு தின்னும். ஹைருனின் முந்தானைக்குள் தூங்கும்.

சிரிப்பெல்லாம் ஒரு வாரம்தான். விடிந்தால், தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய பாவில் நாற்பது ஐம்பது இழை அறுந்து கிடந்தது. அதை இணைப்பதற்குள் பாதிப் பகல் போய்விடும். மறுநாள் விடிந்தால் பழைய குருடிதான். மனுஷன் எத்தனை நாள்தான் பொறுப்பான்!

“இந்த எழவெடுத்த எலிகளை ஆத்துல விட்டுட்டு வாட்டி!”

“கூட்டுக்குக் கொக்கி போட்டது நான்தான். அதுக எப்படி இறங்கும்?” என்றாள் ஹைருன்.

“அப்போ நான் பல்லால கடிச்சேனா?”

ஆனால் கொக்கி தினமும் திறந்தே கிடந்தது. கயிறு கட்டினான், கயிறும் அவிழ்ந்தது. அலிமாவைக் கேட்டால் தறிக்குழியையே பார்த்தாள்.

அந்த வெள்ளிக்கிழமை அவன் பொறுமை அற்றுப்போனது. கஞ்சியில் எலிப்பாஷாணத்தைக் குழைத்து, அறுந்து தொங்கிய நூல் நுனிகளில் பூசினான். தின்று சாகட்டும். யாரிடமும் சொல்லாமல் ஜும்ஆ தொழுகைக்குப் போய்விட்டான்.

திரும்பி வந்து தறியைப் பார்த்தான்.

எல்லா இழையும் இணைந்திருந்தது.

பொடிப்பொடி முடிச்சுகள். தொட்டான். ஈரம்.

எச்சில் ஈரம்.

நூல் நுனியை வாயில் வைத்து நனைத்து, முறுக்கி இணைப்பதுதான் நெசவு வீட்டுப் பழக்கம். அலிமாவுக்கு அதைக் கற்றுக்கொடுத்தவனே அவன்தான். பூசும்போது அது எப்படி மறந்து தொலைந்தது! “யா அல்லா! ஏட்டி அலிமா!” என்று அலறிக்கொண்டு பின்கட்டுக்கு ஓடினான்.

அலிமா எலிகளை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். அவள் வாயைப் பிளந்து பார்த்தான். ஒன்றுமில்லை.

“நீயாட்டி இழை இணைச்சே?”

“நான் இல்ல வாப்பா. குழிக்குள்ள ஒரு பிள்ளை இருக்கால்ல, அவ. எலியோட விளையாடக் கூட்டைத் திறக்கது அவதான். நீங்க எலியை ஏசுனீங்கன்னு, இன்னைக்கு அவளே எல்லாத்தையும் முடிஞ்சு வச்சுட்டா.”

கூடத்திலிருந்து ஓங்கரிக்கும் சத்தம் கேட்டது.

தறிக்குழிக்குள்ளிருந்து.

சின்னக் குரல்.

“வயிறு எரியுதாம் வாப்பா,” அலிமா குசுகுசுத்தாள். “முன்ன சாகும்போதும் இப்படித்தான் எரிஞ்சுதாம். தண்ணி கேக்கா.”

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடலாமா என்றிருந்தது மசூதுக்கு. ஆனால் விஷம் வைத்தது அவன் கைதானே. ஒரு சொம்புத் தண்ணீரைக் குழியின் விளிம்பில் வைத்தான்.

“தெரியாமச் செஞ்சுட்டேன் மவளே.”

கண்ணை மூடித் திறப்பதற்குள் சொம்பு காலி.

இன்னொன்று வைத்தான். அதுவும் காலி. பொழுது சாய்ந்து மக்ரிப் பாங்கு சொல்லும்வரை கிணற்றில் இறைத்து இறைத்து வைத்தான். குழிக்குள் ஒரு பொட்டு ஈரமில்லை.

“இன்னும் கேக்கா வாப்பா,” என்றாள் அலிமா.