ஒன்றுமில்லாத இடத்து ஓடுபாதை

காட்டு வாத்து ஓடுபாதையில் இறங்கிய விதமே அவளுக்குச் சரியாகப் படவில்லை. கெட்டித் தரையில் இறங்கும் பறவை காலை ஊன்றி, ஓரிரு முறை தத்தி நிற்கும். இதுவோ மார்பைத் தாழ்த்தி வழுக்கிக்கொண்டே வந்து, வெயிலில் காய்ந்துகிடந்த கறுத்த தாரின்மேல் அசைந்தாடி நின்றது. கால்கள் தெரியவில்லை. கழுத்தை வளைத்து அலகைத் தாழ்த்தியது. நிமிர்ந்தபோது அலகு நுனியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

அவள் திருப்புளியைக் கீழே வைத்தாள். புது விமான நிலையத்தின் ஓடுபாதை ஓரங்களில் விளக்கு பொருத்துவது அவள் வேலை. மழை பெய்து மாதக்கணக்காகிறது. வாத்து எழும்பிப் பறந்ததும் அந்த இடத்துக்குப் போய் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். சுட்டது. புழுதி ஒட்டியது. கையை முகர்ந்தபோது மட்டும், புதுத் தாரின் நெடிக்கு அடியிலிருந்து சேறும் அழுகிய கோரையும் கலந்த வாடை எழுந்து வந்து மூக்கில் ஒட்டிக்கொண்டது.

பாதையைக் கூட்டும் வண்டியை ஓட்டுகிறவன் அவளுடைய அண்ணன். இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவனும் அவன்தான். வண்டி பக்கத்தில் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அண்ணா, இங்க முன்னாடி ஏரி இருந்துச்சா?"

"யாரு சொன்னா? முதல்ல மண்ணு வெட்டினப்பவே நான் இங்க இருந்தேனே. குட்டை கிடையாது, குடிசை கிடையாது, ஒரு சமாதிகூடக் கிடையாது. ஒண்ணுமே இல்லாத இடம்."

"ஒரு வாத்து தண்ணி குடிச்சதுண்ணா. இங்கதான்."

"கானலா இருக்கும். பல்பு மாட்டுறவளே பல்பு வாங்கலாமா?" சிரித்துக்கொண்டே வண்டியைக் கிளப்பினான்.

அன்று அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்து அப்படியே மூடினாள். முடுக்கிய திருகையே மறுபடி முடுக்கினாள். தூரத்தில் மண் வாரும் இயந்திரங்கள் ஓய்ந்த போதெல்லாம் படகின் விலாவில் தண்ணீர் மோதுவதுபோல 'களக், களக்' என்று ஒரு சத்தம் கேட்டது. காதைத் தீட்டினால் நின்றுவிடும், வேறெதையாவது நினைத்தால் தொடங்கும். மறுநாள் காலையில் முதல் வெள்ளோட்ட விமானம் இறங்கப்போகிறது. போகிற போக்கில் வேலை செய்தவர்களிடமெல்லாம் வாடை வருகிறதா என்று கேட்டாள். தார் வாடைதான் வருகிறது என்றார்கள்.

பொழுது சாய்ந்ததும் மேற்பார்வையாளர் விளக்குகளைப் போடச் சொன்னார். இரண்டு வரிசையும் ஒரே நேரத்தில் பளிச்சென்று எரிந்தன. கட்டட வாசலில் நின்றவர்கள் கைதட்டினார்கள். அவள் தட்டவில்லை. ஒவ்வொரு விளக்கின் வெளிச்சமும் தாருக்குள் நீளமாக இறங்கி, நெளிந்துகொண்டிருந்தது.

அண்ணனின் வண்டி நடுப்பாதையில் போய்க்கொண்டிருந்தது. வாக்கி டாக்கியை வாயருகே வைத்தாள்.

"அண்ணா, ஓரமா வந்துடு."

"கடைசிச் சுத்து. முடிச்சிட்டு வந்துடறேன்."

"சொன்னா கேளுண்ணா!"

"ஏய், இரு. ஸ்டியரிங் லேசா சுத்துது. வண்டி என்னமோ மிதக்குற மாதிரி…"

முன்விளக்குகள் மெல்லத் தாழ்ந்தன. வண்டி கவிழவில்லை, மோதவில்லை. மூக்கு இறங்கியது. கூரை இறங்கியது. அதன்மேல் தார் மூடிக்கொண்டது.

ஓடினாள். வண்டி மூழ்கிய இடத்தில் மண்டியிட்டு இரண்டு முஷ்டியாலும் குத்தினாள். கெட்டித் தரை. விரிசல்கூட இல்லை. விரல் முட்டிகள் தோலுரிந்து ரத்தம் வந்தது. அடியில், வெகு ஆழத்தில், இரண்டு மஞ்சள் வெளிச்சங்கள் சிறுத்துக்கொண்டே போயின.

வாக்கி டாக்கி கரகரத்தது.

"தங்கச்சி." அண்ணன் குரல்தான். கிசுகிசுப்பாக. "இங்க நிறைய பேரு இருக்காங்க."

"அண்ணா! வெளிய வாண்ணா!"

"எல்லாரும் தலைகீழா நிக்கிறாங்க. பாதை நெடுக. காலை மேல வச்சி… தாங்கிட்டிருக்காங்க."

அப்புறம் தண்ணீர்ச் சத்தம் மட்டும்.

கத்தலைக் கேட்டு மேற்பார்வையாளரும் ஆட்களும் ஓடி வந்தார்கள். "வண்டி எங்கம்மா?" என்று கேட்டார் அவர்.

"வராதீங்க! அங்கேயே நில்லுங்க!" எழுந்து நின்று கத்தினாள்.

அதற்குள் எல்லோரும் நடுப்பாதைக்கு வந்துவிட்டார்கள். மேற்பார்வையாளர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "என்னம்மா பயம்? கெட்டியாத்தானே இருக்கு." காலை ஓங்கித் தரையில் உதைத்துக் காட்டினார்.

அவள் குனிந்து பார்த்தாள்.

தார் கண்ணாடியாகத் தெளிந்திருந்தது. ஒவ்வொரு காலணிக்கும் அடியில் ஒரு வெறும் பாதம். வெளுத்து ஊறி, சுருக்கம் விழுந்த பாதங்கள். பாதத்தோடு பாதம் ஒட்டி. விளக்குகளின் கோடி வரைக்கும்.

மேற்பார்வையாளருக்கு அடியிலிருந்த பாதம் சுருங்கியது. விலகியது.

அவர் வாயைத் திறந்தார். சத்தம் வருவதற்குள் இடுப்பு வரை போய்விட்டார். பக்கத்தில் நின்றவன் கையை நீட்டினான். அவனும் இறங்கினான். அடுத்தவன். அதற்கடுத்தவன். அலைகூட எழவில்லை.

அவள் மூச்சை இழுத்துப் பிடித்தாள். அசையவில்லை.

அவளுக்கு அடியிலிருந்த பாதங்கள் இன்னும் போகவில்லை. அவற்றின் விரல்கள் மட்டும், ஒவ்வொன்றாக, அவள் காலணியை விட்டுப் பிரியத் தொடங்கின.