சுன்னாகத்தில் நின்றுபோன கார்

நிரோஜா வந்தபோது செபமாலை காலைச் சாப்பாட்டை முடித்திருக்கவில்லை. மிச்சப் பாணைத் தட்டிலேயே விட்டுவிட்டுக் கேட்டார். காப்புறுதிக் கம்பனிக்காக முப்பது வருடம் நொறுங்கிய வாகனங்களைச் சோதித்தவர். ஓய்வுபெற்ற பிறகும் அவருடைய குருநகர் வீட்டுக் கதவை யாராவது தட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். நல்ல செய்தியோடு ஒருவரும் தட்டியதில்லை.

"என்ரை தம்பி கீர்த்திகனைப் பொலிஸ் பிடிச்சு வைச்சிருக்கு ஐயா. நாளைக்குக் கோட்ஸுக்குக் கொண்டு போகினமாம். அவன் செய்யேல்லை."

"உள்ளுக்கு இருக்கிற ஒருத்தரும் செய்யேல்லைத்தான். நடந்ததைச் சொல்லுங்கோ பிள்ளை."

சுன்னாகத்துக் கதிரவேலுவிடம் பழைய இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று இருந்தது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் அந்த வகையில் அது ஒன்றுதான். போரில் ஊரே இடம்பெயர்ந்த தொண்ணூற்றைந்தாம் ஆண்டிலிருந்து கொட்டிலில் கிடந்தது. மெக்கானிக் கீர்த்திகன் அதன் சிறிய எஞ்சினைக் கழற்றிவிட்டு, ஆறு சிலிண்டர் எஞ்சின் ஒன்றை மூன்று மாதம் மினக்கெட்டுப் பொருத்தினான். முந்தாநாள் விடியற்காலை அந்தக் கார், சந்தைக்கு வெங்காயம் கொண்டுபோன கமலாவதியைச் சைக்கிளோடு அடித்துத் தள்ளியது. முந்நூறு மீற்றர் தள்ளி, ஆளில்லாமல் நின்றது. யாரோ திருடிவிட்டார்கள், தான் நித்திரை, காரின் மற்றச் சாவி கீர்த்திகனிடம் இருக்கிறது என்று கதிரவேலு சொன்னார். பொலிஸுக்கு அது போதுமாயிருந்தது.

வாசலில் நின்ற இன்னாசித்தம்பி உடனே தீர்ப்புச் சொன்னார். ஓட்டோ ஓட்டுபவர்; செபமாலையின் வழக்குகளுக்குக் கூலி வாங்காமல் வருபவர். "அண்ணை, கதிரவேலுவின்ரை மகன் லண்டனிலை இருந்து வந்து நிக்கிறான். புது எஞ்சின், இளந்தாரி. வேறை என்ன வேணும்?"

"நீ ஓட்டோவை எடு. போய்ச் சேருறதுக்குள்ளை எத்தினை பேரைத் தூக்கிலை போடுறாய் எண்டு பாப்பம்."

நிரோஜாவும் ஏறிக்கொண்டாள். வழியில் விபத்து நடந்த இடத்தில் இறங்கிப் பார்த்தார்கள். தெருவில் பிறேக் பிடித்த தடமே இல்லை.

பொலிஸ் நிலைய முற்றத்தில் கார் நின்றது. அதை அடையாளம் காட்டக் கதிரவேலுவும் மகன் கஜீபனும் வந்திருந்தார்கள். செபமாலையை அங்கே எல்லோருக்கும் தெரியும், யாரும் தடுக்கவில்லை. தாங்கியில் முக்கால்வாசிப் பெற்றோல் இருந்தது. எஞ்சினில் ஒரு பழுதும் இல்லை. ஓடித் தப்பியிருக்கக்கூடிய கார் ஏன் நின்றது? ஸ்ரேரிங்குக்குக் கீழே சிறிய பித்தளைத் திருகுபிடி ஒன்று இடப்பக்கம் திரும்பியிருந்தது.

அதைப் பற்றிக் கம்பிக்குப் பின்னால் இருந்த கீர்த்திகனிடம் கேட்டார்.

"பெரியவர் கதிரவேலு அதைக் கழற்ற விடேல்லை ஐயா. வடிவுக்கு இருக்கட்டும் எண்டார். வலப்பக்கம் இருந்தாத்தான் பெற்றோல் போகும். இடப்பக்கக் குழாயை நான் அடைச்சுவிட்டன்."

திரும்பி வந்து கஜீபனைக் கூப்பிட்டார். "தம்பி, இது என்ன?"

கஜீபன் குனிந்து பார்த்தான். "ஹீட்டரோ?"

"யாழ்ப்பாணத்திலை ஹீட்டர்! நல்லா வேர்க்கும்," என்று இன்னாசித்தம்பி சிரித்தார். கதிரவேலு சிரிக்கவில்லை.

"நீங்கள் சொல்லுங்கோ ஐயா," என்றார் செபமாலை.

கதிரவேலு காரை விட்டு ஓரடி பின்வாங்கினார்.

"அப்ப நான் சொல்லுறன். பொருளாதாரத் தடைக் காலத்திலை இஞ்சை பெற்றோல் இல்லை. கொஞ்சப் பெற்றோலிலை ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடானதும் இதை இடப்பக்கம் திருப்பினா மண்ணெண்ணெயிலை ஓடும். நீங்கள் கடைசியா இந்தக் காரை ஓடினது அப்பதான். எஞ்சின் சூடானவுடனை கைக்கு அது ஞாபகம் வந்திருக்கு. கீர்த்திகனுக்கு இடப்பக்கம் ஒண்டும் வராதெண்டு தெரியும், திருப்பமாட்டான். உங்கடை மகனுக்கு இது என்னெண்டே தெரியாது."

"அப்ப பிறேக் தடம்?" என்றார் இன்னாசித்தம்பி.

"றோட்டைப் பாத்தாத்தானே பிறேக் பிடிக்கிறது? இதைத் திருப்பக் குனியவேணும். பழைய எஞ்சின் அதுக்குள்ளை நாலு முழம் போயிருக்கும். இது பாஞ்சிருக்கு. பிறகு காபரேட்டரிலை மிஞ்சின பெற்றோலை முந்நூறு மீற்றரிலை குடிச்சிட்டு நிண்டிட்டுது."

"அப்பா?" என்றான் கஜீபன்.

கதிரவேலு மகனைப் பார்க்காமல் பேசினார். "கண் சரியில்லையெண்டு லைசென்ஸ் தரேல்லை. நீயும் தொடவிடேல்லை. விடியமுன்னம் ஒருக்கா ஓடிப் பாப்பமெண்டு..."

"அதுக்கு ஒரு பெடியனை உள்ளுக்குத் தள்ளினியள்," என்றார் செபமாலை.

"நான் அவன் செய்தவன் எண்டு சொல்லேல்லை."

"திறப்பு அவனிட்டை எண்டு சொன்னியள். பொலிஸுக்கு அது காணும்."

நிரோஜா ஏசுவாள் என்று இன்னாசித்தம்பி எதிர்பார்த்தார். "போய்ச் சொல்லுங்கோ," என்றாள் அவள். "நான் இஞ்சை நிக்கிறன்."

கதிரவேலு பொறுப்பதிகாரியின் அறையை நோக்கி இரண்டு அடி வைத்துவிட்டு நின்றார். "அந்த மனிசி எப்பிடி?"

"ரெண்டு நாளாக் கேக்காததை இப்ப கேக்கிறியள்," என்றாள் நிரோஜா. "இடுப்பெலும்பு முறிஞ்சு கிடக்கிறா. பேர் கமலாவதி. உள்ளுக்குப் போய் மனிசி எண்டு சொல்லாதையுங்கோ. பேரைச் சொல்லுங்கோ."

கிழவர் அந்தப் பெயரை ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். பிறகு நடந்தார்.